விசிவாரும் தந்திரியும்

பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் புராணத்தில் சேக்கிழார், அந்தப் பெயரால் அறியப்படும் நந்தனாரை எடுத்த எடுப்பில் காட்டிவிடுவதில்லை. முதலில் கொள்ளிடத்து வெள்ளம், வாய்க்கால், தாமரை, வயல் என்று ஆதனூரின் வளத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறார். இதுவரைக்கும் எந்தப் புராணத்திலும் பார்க்கக்கூடிய நாட்டுவளம்தான். பிறகு ஊரின் புறத்தே இருக்கும் சேரிக்குள் நுழைகிறார். அங்கே அவருடைய கண்ணும் காதும் வேறுவிதமாக விழித்துக்கொள்கின்றன.

பழைய புல் வேய்ந்த குடிசைகள். கூரைமேல் ஏறிப் படர்ந்த சுரைக்கொடி. தோல்வார் கிடக்கும் முற்றத்தில் சின்னக் கால்களோடு சுற்றிச் சுற்றி வரும் கோழிக்குஞ்சுகள். கையில் இரும்புக் காப்பு போட்ட கறுத்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டி மெல்லக் குரைக்கிறது. அந்தக் குரைப்பைப் பையன்களின் அரையில் கட்டிய இரும்பு மணியின் ஓசை அமுக்கிவிடுகிறது. இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ஒரே நொடியில் எழும் இரண்டு ஓசைகளைக் கேட்டு, எது எதை மூடுகிறது என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல ஒலிப்பதிவாளருக்கு வாய்க்கும் காது இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர் அமைச்சருக்கு, அதுவும் அவர் குடியிருக்காத ஒரு தெருவின் மேல், அது வாய்த்திருக்கிறது.

அடுத்து மரங்கள் வருகின்றன. ஒவ்வொரு மரத்தடியிலும் ஓர் உயிர். மருதமர நிழலில் உழத்தி ஒருத்தி சிறிய தோலை விரித்து அதன்மேல் பிள்ளையை உறங்க வைக்கிறாள். பானை புதைத்து வைத்த மர நிழலில் பெட்டைக் கோழி அடைகாக்கிறது. தென்னையின் பக்கத்து வளையில் ஈன்ற நாய் கிடக்கிறது. மாமரக் கிளைகளில் வாரால் இழுத்துக் கட்டிய பறைகள் தொங்குகின்றன. இருள் பிரியும் முன்பே உழைப்பாளிகளை எழுப்பச் செங்கொண்டைச் சேவல் கூவுகிறது. காஞ்சி மர நிழலில் பெண்கள் நெல் குற்றிக்கொண்டே பாடுகிறார்கள். கள்ளுண்ட களிப்பில் ஆடும் பெண்களுக்குப் பறை முழங்குகிறது. குரைப்பு, மணி, சேவல், உலக்கைப் பாட்டு, பறை. நந்தனார் வருவதற்குள் அவர் பிறந்த தெருவின் ஓசை முழுவதும் நமக்குள் ஏறிவிடுகிறது.

இந்தக் காட்சிகளில் எங்கும் தோல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முற்றத்தில் வாராக, மரத்தில் பறையாக, பிள்ளைக்குப் படுக்கையாக. பின்னால் நந்தனார் கோயிலுக்குத் தோல் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று படிக்கும்போது அது வெறும் பண்டமாகத் தோன்றாது. ஒரு தாய் தன் பிள்ளையைக் கிடத்தியிருந்ததும் அதே தோல் என்பது நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும். இதற்காகத்தான் அந்த மருத மரத்தடி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

உடையார்பாளையத்தில் இருந்துகொண்டு படித்தால் இந்தப் பாடல்கள் இன்னும் கிட்டே வருகின்றன. இங்கிருந்து ஜெயங்கொண்டம் தாண்டிக் கிழக்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். சேக்கிழார் அமைச்சராக இருந்த இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150) சோழர் தலைநகரம் அதுதான். அதே சாலை மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேருகிறது. ஆதனூர் என்று சொல்லப்படும் ஊர் அந்தக் காட்டுமன்னார்கோயில் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இந்தப் பகுதியைப் பதவிக்கு வந்த பிறகே அறிந்திருப்பார். அரசு அதிகாரியின் கண் அவர் பாட்டில் ஓர் இடத்தில் நன்றாகத் தெரிகிறது. நந்தனாரின் பிழைப்பைச் சொல்லும்போது, பறைத் தொழிலுக்காக ஊர் விட்டுக்கொடுத்த நிலம் அவருக்கு உணவுரிமையாக இருந்தது என்று குறிக்கிறார். பறைத்துடவை என்பது அந்த நிலத்தின் பெயர். பக்தனைப் பாட வந்த இடத்தில் அவன் உண்ட சோறு எந்த நிலத்தில், எந்த உரிமையில் விளைந்தது என்று எழுதி வைத்த கவிகள் தமிழில் அதிகம் இல்லை.

இனி அந்தத் தொழிலுக்கு வருவோம். சிவன் கோயில்களில் முழங்கும் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்த்தும் தோலும் இழுத்துக் கட்டும் விசிவாரும் நந்தனார் கொடுக்கிறார். வீணைக்கும் யாழுக்கும் ஏற்ற தந்திரி கொடுக்கிறார். பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். மூன்றும் இறந்த மாட்டிலிருந்து வருபவை. இவற்றை வரிசைப்படுத்தியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேரிகை வாசலில் முழங்கும். வீணையும் யாழும் உள்ளே மண்டபத்தில் இசைக்கும். கோரோசனை இன்னும் உள்ளே, கருவறையில் இறைவன் பூசைக்கே போய்விடும். நந்தனார் கொடுத்த பொருள் பாட்டுக்குள் ஒவ்வோர் அடியாக உள்ளே நடக்கிறது. அதற்கு அடுத்த பாட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்கிறார் சேக்கிழார்: திருவாயிலுக்குப் புறத்தே நின்றுகொண்டு, அன்பு மிகுந்து ஆடுகிறார், பாடுகிறார்.

ஆடுதல் முதலில், பாடுதல் பிறகு. இந்த முறையும் எனக்குப் பிடிக்கும். பாட்டு அவருக்குக் கற்றுக்கொண்ட வித்தையாக வரவில்லை. உடம்பு தாங்காத அன்பு முதலில் காலுக்கு வந்து, பிறகு குரலுக்கு ஏறுகிறது. நந்தனாரைப் பாடகர் என்று நாம் பொதுவாக நினைப்பது கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால்தான். ஆனால் பாரதியாருக்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே சேக்கிழார் அவரைப் பாடகராக எழுதிவிட்டார். மேடை கோயில் வாசல்.

தோல்வேலை செய்கிறவர்களுக்கும் இசைக்கும் உள்ள இந்த உறவு பழங்கதையாகிவிடவில்லை. மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். மூட்டு பிடிப்பதும், வார் இழுப்பதும், கரணை போடுவதும் தலைமுறைகளாக ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் கைவேலை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் அதைச் செய்து கொடுத்த தஞ்சாவூர்ப் பர்லாந்து இருந்தார். இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-இல் வந்தது. தோலின் எந்தப் பகுதி எந்த நாதம் தரும் என்று விரலால் தொட்டே சொல்லக்கூடிய அந்த ஞானத்துக்குப் பழைய பதிவு உண்டா என்று கேட்டால், போர்வைத் தோலையும் விசிவாரையும் பிரித்துச் சொன்ன இந்தப் பெரியபுராணப் பாட்டை நான் எடுத்துக் காட்டுவேன்.

பெரியபுராணத்திலேயே இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய வேறொரு கதை உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவரும் கோயில் வாசலுக்கு வெளியே நின்று யாழ் இசைத்தவர்தான். மதுரையில் இறைவன் தொண்டர்களின் கனவில் வந்து அவரை உள்ளே அழைத்துவரச் சொல்கிறார். ஈரத் தரையின் குளிர் யாழைக் கெடுக்கும், பொற்பலகை இடுங்கள் என்று வானில் ஒரு குரல் எழுகிறது. திருவாரூரில் இன்னும் ஒரு படி மேலே போய், வடக்குப் பக்கம் அவருக்கென்று வேறொரு வாயிலையே இறைவன் வகுக்கிறார். சிதம்பரமாகிய தில்லைக்குள் போக நந்தனார் தீயில் மூழ்கிப் பிறவி மாற வேண்டியிருந்தது; யாழ்ப்பாணருக்குத் தீ இல்லை, பிறவி மாற்றம் இல்லை. பாணர் பாணராகவே உள்ளே போகிறார். யாழை வாசித்தவருக்குப் பலகையும் வாயிலும். யாழுக்கு நரம்பு கொடுத்தவருக்குத் தீக்குழி. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. இந்த முரணை அவர் அறியாமல் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நந்தனாரின் முடிவைப் பற்றிய சான்றுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். முதல் சான்று சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அதில் திருநாளைப்போவார் என்ற பெயரும் ஒரே ஓர் அடைமொழியும் மட்டும். ஊர் இல்லை, குலம் இல்லை, மரணம் இல்லை. அடுத்தது நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி. அங்கே ஒரு பாட்டு. ஆதனூர் வருகிறது, குலம் வருகிறது, அம்பலவன் அருளால் அவர் முனியானதும், தில்லை மூவாயிரவர் கைகூப்பியதும் வருகின்றன. தீ வரவில்லை. தீ முதன்முதலாகச் சேக்கிழாரில்தான் மூட்டப்படுகிறது. ஒவ்வொரு நூற்றாண்டும் தன் பங்குக்கு அந்த மரணத்தில் ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

சேக்கிழார் தீயை எப்படி மூட்டுகிறார் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தில்லையின் எல்லையை நந்தனார் இரவும் பகலும் வலம் வருகிறார். உள்ளே போக வழியில்லை. களைத்து உறங்குகிறார். கனவில் அம்பலவன் புன்னகையோடு வந்து, இந்தப் பிறவி போகத் தீயில் மூழ்கி முப்புரிநூல் மார்பரோடு வா என்கிறான். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் தீ அமைக்கும்படி கட்டளை கிடைக்கிறது. அவர்கள் அஞ்சி ஒன்றுகூடி, நந்தனாரிடம் வந்து, ஐயரே என்று மரியாதையாக அழைத்து, தீ அமைத்துத் தர வந்தோம் என்கிறார்கள். தீக்குள் போவதற்கு முன்பே அந்த மரியாதைச் சொல் வந்துவிடுகிறது. குலம் மாறிய பிறகு கொடுக்க வேண்டிய மதிப்பைச் சேக்கிழார் முன்கூட்டியே கொடுக்க வைத்துவிட்டார். அப்படியானால் தீ எதற்கு? பாட்டு இதற்குப் பதில் சொல்வதில்லை. நாம் கேட்பதற்கு இடம் விட்டுவிட்டுப் போகிறது.

தெற்கு மதிலுக்கு வெளியே, திருவாயில் முன்பாகக் குழி. அதை வலம் வந்து, கைகூப்பி, நந்தனார் உள்ளே இறங்குகிறார். மாய வடிவம் நீங்கி, பூணூலும் சடையும் விளங்க முனிவராக எழுகிறார். அப்போது வானத்தில் துந்துபி முழங்குகிறது, தேவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், மந்தாரப் பூ மழை பொழிகிறது. இந்த ஓசைகளைக் கொஞ்சம் கேளுங்கள். எல்லாம் மேலிருந்து வருபவை. ஆதனூர்ச் சேரியில் நாய்க்குட்டியின் குரைப்பைக் கூட விடாமல் எழுதிய அந்தக் காது, இங்கே மண்ணின் ஓசை ஒன்றையும் பதிவு செய்யவில்லை. பறை இல்லை. அவர் தோல் கொடுத்த பேரிகை இல்லை. அவருடைய பாட்டும் இல்லை. புராணம் முழுக்கப் பாடிக்கொண்டே வந்தவர் தீக்கு முன்னால் பாடியதாக ஒரு வரியும் இல்லை. பிறகு அந்தணர்களோடு கோபுரத்தைத் தொழுது உள்ளே போகிறார். இறைவன் ஆடும் எல்லையை அடைந்ததும் யாரும் அவரைக் காணவில்லை என்று முடிகிறது. காணவில்லை என்ற அந்தச் சொல்லை, இறைவனோடு கலந்துவிட்டார் என்று பக்தன் படிக்கிறான். காவல் நிலைய எழுத்தர் வேறுமாதிரி படிப்பார். இரண்டு படிப்புக்கும் இடம் கொடுக்கும் சொல் அது.

கனவு கண்டவர்கள் நந்தனாரும் தில்லைவாழ் அந்தணர்களும். தீ மூட்டியவர்கள் அந்தணர்கள். தீயிலிருந்து எழுந்ததைக் கண்டவர்களும் அவர்கள். ஆதனூரிலிருந்து ஒரு சாட்சியும் அங்கே இல்லை. பெரியபுராணம் அரங்கேறியது தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. சாட்சிகளின் வழிவந்தவர்கள் உட்கார்ந்து கேட்கும் சபையில், அந்தச் சாட்சியத்தைத் தவிர வேறெதையும் பாட இயலாத இடத்தில் பாடிய கவி, யாரும் காணவில்லை என்ற இரண்டு சொல்லை விட்டுவைத்தாரே, அதற்காகவே அவரைத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் எனக்கு அமெரிக்கப் பாடகர் சாம் குக்கைப் பற்றி 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணப்படம் நினைவுக்கு வருகிறது. சாம் குக் இரண்டுமுறை கொல்லப்பட்டார் என்பதே அதன் தலைப்பின் பொருள். தேவாலயப் பாட்டுக் குழுவான சோல் ஸ்டிரரர்ஸில் பாடிப் பெயர் பெற்று, அந்தக் குழைவை அப்படியே காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தவர். சோல் இசை என்று இன்று சொல்வதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். தன் பாடல்களின் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, சொந்த இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மோட்டல் ஒன்றில் சுடப்பட்டு இறந்தார். வயது 33. மோட்டலின் மேலாளர் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னார். மரண விசாரணை விரைவாக நடந்து, குற்றமில்லை என்று முடிந்தது. குடும்பமும் நண்பர்களும் அதை ஏற்கவே இல்லை. அந்தப் படம் கொலையாளி யார் என்று துப்புத் துலக்கிக் கொடுப்பதில்லை. உயிரோடு இருந்தபோது அவர் என்னவாக இருந்தார் என்பதைத் திருப்பித் தருவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறது. மோட்டல் அறையின் அவதூறு அவருடைய வாழ்க்கையை மூடிவிட்டதே, அதைத்தான் இரண்டாம் கொலை என்கிறது.

அவருடைய மிகப் பெரிய பாட்டான 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' 1964 ஜனவரியில் பதிவானது. அதற்கு முந்தைய அக்டோபரில் லூசியானாவில் ஒரு விடுதி அவருக்கு அறை தர மறுத்திருந்தது. பாட்டின் ஒரு சரணம், சினிமாவுக்கும் கடைவீதிக்கும் போனால் இங்கே நிற்காதே என்று விரட்டப்படுவதைச் சொல்கிறது. அவர் இறந்த சில நாட்களில் அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாக வந்தபோது, அந்தச் சரணத்தை வெட்டிவிட்டார்கள். வாசலில் நிறுத்தப்பட்டதைச் சொல்லும் வரிதான் முதலில் வெட்டப்படுகிறது. தமிழில் அந்தச் சரணத்தைச் சேக்கிழார் வெட்டவில்லை. திருவாயிலுக்குப் புறத்தே என்ற சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்.

நந்தனாரை நாடெங்கும் பாட வைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய இசை வளர்ந்த வட்டத்துக்குள் உடையார்பாளையத்துக்கும் ஓர் இடம் உண்டு. திருவிடைமருதூரில் மராட்டிய அமரசிம்மரின் அவையில் அவருக்குப் பழக்கமானவர்களில் ஒருவர் கனம் கிருஷ்ணையர். இந்தப் பக்கத்துத் திருக்குன்றத்துக்காரர். பொப்பிலி கேசவய்யாவிடம் கன மார்க்கம் பயின்று, பின்னாளில் உடையார்பாளையம் ஜமீனில் வித்துவானாக வாழ்ந்தவர். அவரிடம் இங்கே சங்கீதம் பயின்றவர் வேங்கடசுப்பையர், உ.வே. சாமிநாதையரின் தந்தை. அந்த மகன் 1870-களின் தொடக்கத்தில் மாயூரத்துக்குப் போனபோது கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே கொஞ்ச காலம் இசை கற்றார். இந்த மூவரைப் பற்றியும் நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அந்த மகனின் பேனாதான் காரணம்.

பாரதியார் சேக்கிழாரிடம் இல்லாத ஓர் ஆளைக் கதைக்குள் கொண்டுவந்தார். வேதியர் என்னும் பண்ணையார். சேக்கிழாரின் நந்தனாருக்குப் பறைத்துடவை உண்டு, ஆண்டை இல்லை. நாளை போவேன் என்று அவர் தள்ளிப்போட்டது தன் குலத்தை நினைத்து வந்த தயக்கத்தால். பாரதியாரின் நந்தனார் பண்ணையாள். நாளை என்பது அவர் கையில் இல்லை; ஆண்டை உத்தரவு கொடுக்க வேண்டும். 1843-லேயே கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிவிட்டிருந்தது. தஞ்சாவூர் வயல்களில் ஒன்றும் மாறவில்லை. தன் கண்முன் நடந்ததைத்தான் பாரதியார் நாயன்மார் கதைக்குள் ஏற்றினார். புராணத்திலிருந்து விலகிவிட்டார், இலக்கணம் பிழைத்தார் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் சிறப்புப் பாயிரம் தர மறுத்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டைப் பாடியதைக் கேட்டு உருகிப் பிறகு கொடுத்தார் என்று சாமிநாதையர் எழுதுகிறார். அந்தக் கதையில் எனக்குப் பிள்ளைமேல் மதிப்பு கூடுகிறது. இலக்கணத்தால் மூடிய கதவை இசை கேட்டுத் திறக்கும் மனம் அவரிடம் இருந்தது.

பாரதியார் இசையில் செய்த நுட்பம் ஒன்று. அவருடைய நந்தனார் ஆண்டையிடமும் அனுமதி கேட்கிறார், ஆண்டவனிடமும் அனுமதி கேட்கிறார். இரண்டு இடத்திலும் கேட்பவரின் பணிவு ஒன்றே. ஆனால் ஆண்டவனிடம் கேட்கும்போது பாரதியார் எடுத்துக்கொண்ட ராகம் மாஞ்சி. 'வருகலாமோ' என்ற அந்தக் கீர்த்தனையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மாஞ்சி பைரவிக்கு நெருங்கிய உறவு. வேகம் கூட்டினால் பைரவிக்குள் கரைந்து காணாமல் போகும். சுருதி சுருதியாக இழைத்து, நிதானமாகப் பாடினால்தான் அது மாஞ்சி. அவசரப்பட முடியாத ஒரு மனிதனின் கேள்விக்கு அவசரப்பட முடியாத ராகம். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வாசற்படியில் காலை வைக்காமல் நிற்கும் நிலையை வேறு எந்த ராகத்தில் பாடியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பைரவியில் பாடியிருந்தால் அது முறையீடாகியிருக்கும். மாஞ்சியில் அது கேள்வியாகவே நிற்கிறது, பதில் வராமல். இன்று கச்சேரிகளில் இது துக்கடாவாகவும் வரும், சற்று விரிவாகவும் வரும். பின்னால் மிருதங்கம் மெல்லத் தொடும். அந்தத் தோலைப் பதப்படுத்திய கைகளை அந்த நேரத்தில் நினைக்காமல் என்னால் கேட்க முடிவதில்லை.

திரைப்படங்களை அதிகம் பேச வேண்டியதில்லை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் நந்தனாராக நடித்துப் பாடினார். 1942-இல் ஜெமினி தயாரிப்பில் எம்.எம். தண்டபாணி தேசிகர். இரண்டுமே பாரதியாரின் கதைவழியில் போனவை. குரல்களுக்காகக் கேட்கலாம்.

தீயை வேறு கண்ணால் பார்க்க வைத்தது வேறொரு தீ. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். அதை வைத்து 'குருதிப்புனல்' எழுதிய இந்திரா பார்த்தசாரதிதான் சில ஆண்டுகள் கழித்து 'நந்தன் கதை' நாடகத்தையும் எழுதினார். அதில் தீ ஒரு சூழ்ச்சி. அருள் என்ற பெயரில் ஒரு மனிதனை எரிக்கிறார்கள். அவருக்கு வெகுமுன்பே அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டு, வஞ்சித்துக் கொல்லப்பட்டவன் என்று எழுதியிருந்தார். வெண்மணிக்குப் பிறகு படிக்கிறவர்களுக்குத் தென்மதில் தீக்குழி வெறும் வேள்வித் தீயாகத் தெரிவது கடினம். என் கருத்தைக் கேட்டால், நந்தனார் எரிக்கப்பட்டார் என்பதை நிறுவச் சான்று கிடையாது. எரிந்து எழுந்தார் என்பதற்கும் கிடையாது. நம்பியின் பாட்டில் தீ இல்லை என்பதும், யாழ்ப்பாணருக்குத் தீ தேவைப்படவில்லை என்பதும் நம் கையில் இருக்கின்றன. இவை போதும் கேள்வி கேட்க. பக்திக்கும் இதனால் குறைவு வராது. உள்ளே வா என்று சொல்லக்கூடிய இறைவனைப் பெரியபுராணமே மதுரையில் காட்டியிருக்கிறதே.

சிதம்பரத்தில் நந்தனார் தீ மூழ்கிய இடம் ஓமக்குளம் என்று ஊர் வழக்கு சொல்கிறது. அங்கே சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ தலைமுறைகள் அங்கே படித்திருக்கிறார்கள். தெற்கு வாயிலை நந்தனாரின் பெயரோடு சேர்த்துப் பேசும் கோரிக்கைகள் நம் காலம்வரை எழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

இவ்வளவையும் விட எனக்குப் பிரியமான இடம் தில்லைக்கு முன்னால், திருப்புன்கூரில் வருகிறது. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்து ஊர். பாடிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்று சிவலோகநாதரைப் பார்க்க ஆசைப்படுகிறார். நந்தி மறைக்கிறது. இறைவன் அதை விலகச் செய்கிறார். இன்றைக்கும் அங்கே நந்தி நேர்க்கோட்டிலிருந்து விலகித்தான் இருக்கிறது. போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பேசிவிட்டு வருவார்கள். அடுத்த பாட்டை அநேகமாக யாரும் பேசுவதில்லை. கும்பிட்டு எழுந்து நந்தனார் நடக்கிறார். தோளில் கிடக்கும் தோல்வார் நடைக்கு ஏற்ப அலைகிறது. போகும் வழியில் ஒரு பள்ளம் கண்ணில் படுகிறது. தண்ணீர் தேங்கக்கூடிய தாழ்ந்த நிலம் என்று பார்த்த உடனே அவருக்குத் தெரிகிறது. அங்கே ஒரு குளம் வெட்டுகிறார். அவ்வளவுதான் பாட்டு. தரிசனம் கிடைத்த பரவசத்திலும் நிலத்தின் மேடு பள்ளம் தெரிந்த கண் அது. அந்தத் தோளில் வார் அலைந்ததைப் பார்த்த கண் சேக்கிழாருடையது.

பிற்காலத் தலபுராணக் கதை, அந்தக் குளத்தை நந்தனாருக்காக விநாயகர் வெட்டிக் கொடுத்தார் என்கிறது. குளம் வெட்டிய விநாயகர் என்று அங்கே ஒரு சந்நிதியும் உண்டு. பாரதியாரின் கதையில் ஆண்டையின் நாற்பது வேலி விளைச்சலையும் ஒரே இரவில் பூதங்கள் முடித்துக் கொடுக்கின்றன. இப்படி அவர் கைவேலை ஒவ்வொன்றாகத் தெய்வங்களின் கணக்குக்குப் போயிருக்கிறது. பெரியபுராணத்தில் அந்தக் குளத்தைத் தொட்டவர் நந்தனார். சேக்கிழார் அங்கே துணைக்கு எந்தத் தெய்வத்தையும் அழைக்கவில்லை.